யாருக்கும் ஓட்டு இல்லை என்பதைக் கணக்கில் விழவைப்பது எப்படி

ஊராட்சித் தேர்தல் ஓட்டு எண்ணிக்கையில் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த அன்றுதான் செல்லாத ஓட்டு என்றால் என்னவென்று எனக்குச் சரியாகப் புரிந்தது. ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே வந்தார்கள். ஒன்றில் முத்திரையே இல்லை. அடுத்ததில் எல்லாச் சின்னத்தின் மேலும் முத்திரை, ஒன்றுகூட விடாமல். இன்னொன்றின் ஓரத்தில் பேனாவால் "தண்ணி வரல" என்று எழுதியிருந்தது. மூன்றையும் ஒரே கட்டில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டார்கள். கை நடுங்கி இரண்டு சின்னத்துக்கு நடுவே முத்திரை குத்திவிட்ட ஏதோ ஒரு பாட்டியின் சீட்டும் அதே கட்டில்தான் போனது. கோபத்தை எழுதியவருக்கும் கை தவறியவருக்கும் சேர்த்து ஒரே எண், 'செல்லாதவை' என்ற வரிசையில்.

யாருக்கும் ஓட்டுப் போட மனம் வரவில்லை என்று ஒவ்வொரு தேர்தலிலும் என்னிடம் நாலைந்து பேராவது சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாருக்காவது போடுங்கள் என்று நான் வற்புறுத்தப் போவதில்லை, அது உங்கள் முடிவு. ஆனால் வெயிலில் வரிசையில் நின்று விரலில் மையும் வைத்துக்கொண்ட பிறகு, உங்கள் எதிர்ப்பு கை தவறியவர்களின் கட்டில் போய்ச் சேரக்கூடாது. தனியாக எண்ணப்படும் வரிசையில் விழ வேண்டும், எதற்காக என்பதும் பிறருக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் வழி இருக்கிறது.

முதலில், கோபம் எதன் மேல்?

இதில் தெளிவு இல்லாமல் பூத்துக்குப் போகாதீர்கள். வெற்று ஓட்டும், 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்பதற்கான நோட்டாவும் எல்லா ஊரிலும் ஒரே காரணத்துக்காக விழுவதில்லை. எனக்குத் தெரிந்தவரை, பெரிய அளவில் விழுந்த இடங்களில் பெரும்பாலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது: மக்கள் போட நினைத்த பெயர் பட்டியலிலேயே இருக்காது. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு பாஜக பக்கம் போய்விட்டார். நோட்டாவுக்குப் போடுங்கள் என்று காங்கிரஸே வீடு வீடாகக் கேட்டது, 2 லட்சத்து 18 ஆயிரம் ஓட்டுக்கு மேல் நோட்டாவுக்கு விழுந்தது. நம் நீலகிரியில் 2014-ல் பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியானது, அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதிக நோட்டா அங்கேதான், 46 ஆயிரத்துக்கும் மேல். ஈரோடு கிழக்கில் 2023 இடைத்தேர்தலில் ஆயிரத்தைக்கூடத் தொடாத நோட்டா, அதிமுகவும் பாஜகவும் ஒதுங்கிக்கொண்ட 2025 இடைத்தேர்தலில் 6 ஆயிரத்தைத் தாண்டியது. அர்ஜென்டினாவில் இது இன்னும் பழைய கதை. கவிழ்க்கப்பட்ட அதிபர் பெரோனின் கட்சியைத் தடை செய்துவிட்டு 1957-ல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடத்தினார்கள், நாடு கடந்து இருந்த பெரோன் வெற்றுச்சீட்டைப் போடச் சொன்னார், எந்தக் கட்சியையும் விட வெற்றுச்சீட்டுதான் அதிகம் விழுந்தது.

இரண்டாவது வகை, பெயர்கள் இருக்கும், ஒருவர்மேலும் நம்பிக்கை இருக்காது. பிரான்சில் 2017 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் மக்ரோனா லெபென்னா என்று கேட்டபோது 40 லட்சம் பேருக்கு மேல் வெற்றுச்சீட்டோ செல்லாத சீட்டோ போட்டார்கள். மூன்றாவது, ஊர்ப் பிரச்சினை. ரோடு இல்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, நிலம் போகிறது. இந்த மூன்றாவது வகைக்காரர்களுக்குத்தான் நோட்டா மட்டும் போதவே போதாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனித்தொகுதிகளில் நோட்டா கூடுதலாக விழும்போதெல்லாம், பட்டியலினத்தவருக்கு ஓட்டுப் போடப் பிடிக்காத சாதி மனசுதான் காரணமோ என்ற கேள்வி எழுகிறது, எழத்தான் செய்யும். உங்கள் தொகுதி தனித்தொகுதி என்றால் காரணத்தை வாய்விட்டுச் சொல்லாமல் நோட்டா பட்டனை அழுத்தாதீர்கள். நீங்கள் தண்ணீருக்காகப் போட்டது அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

என்ன தேர்தல் என்று பாருங்கள்

சட்டமன்றம், மக்களவை என்றால் மின்னணு இயந்திரம், நோட்டா உண்டு. இரண்டுக்குமான இடைத்தேர்தல்களிலும் அப்படியே. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதன் விதிகள் தனி. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் இயந்திரம் இருந்தது, நோட்டா பட்டன் இல்லை. ஊரக உள்ளாட்சியில் சீட்டுதான். ஒரே ஆளுக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு கொடுப்பார்கள். போட்டியே இல்லாமல் கடைசியில் ஒருவர் மட்டும் களத்தில் மிஞ்சினால் வாக்குப்பதிவே நடக்காது, நோட்டாவுக்கும் வேலை இல்லை. 2024-ல் சூரத் மக்களவைத் தொகுதியில் அதுதான் நடந்தது. ஒரு முழுத் தொகுதி மக்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லக்கூட வாய்ப்பில்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

நோட்டாவுக்கு ஓட்டுப் போடும்போது

நோட்டா எப்போதும் பட்டியலின் கடைசியில் இருக்கும். ஓர் இயந்திரத்தில் 16 பட்டன்தான், அதனால் வேட்பாளர்கள் 15 பேருக்கு மேல் போனால் நோட்டா அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடும். 2023 ஈரோடு கிழக்கில் 77 வேட்பாளர்கள், 5 இயந்திரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள், நோட்டா ஐந்தாவதில். முதல் இயந்திரத்தில் தேடிவிட்டு நோட்டாவே இல்லை என்று வெளியே வந்து சண்டை போட்டவரை நான் பார்த்திருக்கிறேன். நோட்டாவுக்கு நேரே, வாக்குச்சீட்டின் மேல் கருப்புப் பெருக்கல் குறி போட்ட மாதிரி ஒரு சின்னம் இருக்கும், 2015-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் செய்து கொடுத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தச் சின்னத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அழுத்தியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரியும். அதில் நோட்டா என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பீப் சத்தம் முடிந்ததும் வாருங்கள். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. காசு கொடுத்தவன் ஆதாரம் கேட்கிறான் என்றால் அவனுக்குக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்க முடியாது, அந்த ரகசியம் உங்களுக்கான பாதுகாப்பு.

சிலர் மறைப்புக்குள் போய் எதையும் அழுத்தாமல் நின்றுவிட்டு வருகிறார்கள். அதுதான் வெற்று ஓட்டு என்று நினைக்கிறார்கள். அது ஓட்டே இல்லை. இயந்திரம் அடுத்த ஆளுக்குத் தயாராகாமல் நிற்கும், அலுவலர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார், பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே வாக்களிக்க மறுத்தார் என்று குறிப்பார், உங்களுக்காகத் திறந்த வாய்ப்பை அடுத்து நிற்பவர் பயன்படுத்துவார். ரகசியமும் போய், எண்ணிக்கையும் இல்லாமல் போகிறது.

சரி, நோட்டா என்ன செய்யும்? இதில்தான் வாட்ஸ்அப்பில் அதிகப் பொய் சுற்றுகிறது. நோட்டா முதலிடம் வந்தாலும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் மறுதேர்தல் கிடையாது, வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயிப்பார். டெபாசிட் காலியாவதற்கும் நோட்டாவுக்கும் சம்பந்தமில்லை. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கில் நோட்டாவைச் சேர்ப்பதில்லை. மகாராஷ்டிராவிலும் ஹரியானாவிலும், அந்த மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-ல் தங்கள் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு மட்டும் நோட்டாவை ஒரு வேட்பாளர்போல வைத்து, அது முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று கொண்டுவந்தன. நம் ஊரில் அது இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து, அதற்குக் கேட்க வேண்டிய இடம் மாநிலத் தேர்தல் ஆணையம்.

அப்படியென்றால் வீண்தானே என்று கேட்டால், இல்லை. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நோட்டாவுக்கு 2,373, பாஜகவுக்கு 1,417. இது இன்றைக்கும் பேசப்படுகிறது, தனி வரிசையில் எழுதப்பட்டதால் பேசப்படுகிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. அந்த மாதிரித் தொகுதியில் அடுத்த முறை நிற்பவர், நோட்டா எந்தெந்தத் தெருவில் விழுந்தது என்று கட்டாயம் தேடுவார். சில நூறு பேரால் ஒரு தொகுதியில் நிற்பவரின் தூக்கத்தைத் தொலைக்க வைக்க முடியும்.

49-ஓ இன்னும் இருக்கிறதா?

பூத்துக்கு வந்தும் ஓட்டுப் போட விரும்பவில்லை என்று பதிவு செய்ய இடம் தரும் தேர்தல் விதி இது. இன்னும் இருக்கிறது, ஆனால் தேவையில்லை. நோட்டா வருவதற்கு முன் இதுதான் ஒரே வழி. மை வைத்து, 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, நான் வாக்களிக்க விரும்பவில்லை என்று அலுவலரிடம் சொல்ல வேண்டும், அவர் குறிப்பு எழுதுவார், அதன் கீழே மறுபடி கையெழுத்து. இத்தனையும் எல்லாக் கட்சி ஏஜெண்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. கிராமத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசியுங்கள். அப்படியிருந்தும் 2011 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைச் செய்தார்கள். வேண்டாம் என்று சொல்பவரின் ரகசியத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-ல் போட்ட வழக்கில்தான், 2013 செப்டம்பர் 27 அன்று தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு நோட்டாவைக் கொண்டுவரச் சொன்னது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது அதே ஆண்டு டிசம்பரில், ஏற்காடு இடைத்தேர்தலில்.

49-பி (ஆங்கிலத்தில் 49P) என்ற விதி வேறு. உங்கள் ஓட்டை யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டால் நீங்கள் கேட்டு வாங்கும் ஆய்வுக்குரிய வாக்கு அது, எதிர்ப்புக்கானது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பூத்தில் தகராறு செய்ய வேண்டாம்.

சீட்டில் போடும்போது

ஊரக உள்ளாட்சியில் நோட்டா இல்லாத இடத்தில் வெற்றுச்சீட்டுப் போடுவதைத் தவிர ரகசியமான வழி இல்லை, அதனால் அதைச் சரியாகச் செய்வது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். முத்திரை குத்தாமல் மடித்துப் பெட்டியில் போட்டால் அது செல்லாத ஓட்டு. ஒன்றுக்கு மேற்பட்ட சின்னத்தில் குத்தினாலும், யாருக்கு என்று புரியாதபடி குத்தினாலும், போட்டவர் யார் என்று தெரிகிற மாதிரி எதையாவது எழுதினாலும் செல்லாது. மடிக்கும்போது மை எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டால் மட்டும் அதைக் காரணமாக வைத்துத் தள்ள மாட்டார்கள், அதனால் எதிர்ப்புக்காகச் செல்லாததாக்க நினைப்பவர் இதை நம்பி இருக்க வேண்டாம். நாலு சீட்டில் ஒன்றில்தான் உங்களுக்குக் கோபம் என்றால் மற்ற மூன்றையும் ஒழுங்காகப் போடுங்கள். தலைவர் மேல் உள்ள கோபத்தில் வார்டு உறுப்பினர் சீட்டையும் வெறுமையாகப் போட்டு, நல்ல பெண் ஒருத்தி மூன்று ஓட்டில் தோற்றதைப் பார்த்தவன் நான்.

செய்யக் கூடாதவை சில. சீட்டைக் கிழிக்காதீர்கள். வெளியே கொண்டு வராதீர்கள். பெட்டிக்குள் மனு, கடிதம் எதையும் போடாதீர்கள். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கான 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் வாக்குச்சீட்டை மோசடியாகச் சிதைப்பதும், பெட்டியில் வேறு எதையாவது மோசடியாகப் போடுவதும் 6 மாதம்வரை சிறைக்குரிய குற்றங்கள். உள்ளாட்சியிலும் அந்த வம்பு எதற்கு? மனுவை வாங்க வேண்டியவர் கையில் கொடுங்கள். ஓட்டு எண்ணும் மேஜையில் இருப்பவருக்கு அதைப் படித்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லை.

தபால் ஓட்டுப் போடும் ஆசிரியர்கள், காவலர்களுக்கு ஒரு வார்த்தை. தபால் சீட்டில் நோட்டா உண்டு, அதில் குறியிடுங்கள், வெறுமையாக அனுப்பாதீர்கள். உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் சரியில்லை என்றால் உறையையே பிரிக்காமல் தள்ளிவிடுவார்கள். ராதாபுரம் வழக்கே தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்ட தபால் ஓட்டுகளைத் தள்ளியது சரியா என்ற கேள்வியில்தான் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று பல வருடம் ஓடியது.

போகாமலே இருந்துவிட்டால்?

தனி ஆளாக வீட்டில் இருந்தால் உங்கள் பெயர் இறந்துபோனவர்கள், வெளியூர் போனவர்கள், சோம்பேறித்தனத்தில் வராதவர்கள் எல்லாரோடும் சேர்ந்துவிடும். ஊரே சேர்ந்து செய்தால் கதை வேறு. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தது. காரணம் முன்பே ஊருக்கும் உலகத்துக்கும் தெரிந்திருந்தது, அதனால் வெறிச்சோடிய அந்தப் பூத் செய்தியானது. இதில் ஒரு விலை இருக்கிறது: ஒன்றிரண்டு குடும்பம் ஓட்டுப் போட விரும்பினால் அவர்களை ஊர் தடுக்கக் கூடாது, தடுத்தால் அது குற்றம். நோட்டாவில் அந்தச் சிக்கல் இல்லை என்பதால் எனக்கு நோட்டாதான் பிடிக்கும்.

இன்னொரு பழைய வழியும் இருந்தது. 1996-ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்று கொத்துக் கொத்தாக மனுப்போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டு அதை 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. விவசாயிகளின் குரல் டெல்லி வரை கேட்டது, ஆனால் அடுத்தவர் அதே வழியில் வராதபடி கதவை இறுக்கிவிட்டார்கள்.

காரணத்தை எழுதுங்கள், பிறகு எண்ணைத் தேடுங்கள்

ஊர்ப் பிரச்சினைக்காகச் செய்பவர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி. நோட்டா எண் பேசாது. 140 நோட்டா விழுந்தால் அது தண்ணீருக்கா, வேட்பாளர் பிடிக்காமலா, சாதிக்கா என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அதனால் வாக்குப்பதிவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே உட்கார்ந்து ஒரே ஒரு கோரிக்கையை எழுதுங்கள். பத்து கோரிக்கை எழுதினால் ஒன்றைக்கூடப் படிக்க மாட்டார்கள். எந்த ரோடு, எத்தனை வீடு, இதுவரை எந்தெந்தத் தேதியில் மனுக் கொடுத்தோம் என்று எழுதி, அந்த மனுக்களின் ரசீது நகலையும் சேர்த்து, மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் கொடுங்கள். உள்ளூர் நிருபருக்கும் ஒரு நகல். அதில் உங்கள் பூத் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்: "எண் 87 வாக்குச்சாவடியில் இதற்காக நோட்டாவுக்கு வாக்களிக்கப் போகிறோம்." பெயரும் கையெழுத்தும் கோரிக்கைக்குப் போதும், யார் யார் நோட்டா போடுவார்கள் என்று பட்டியல் எழுதவே எழுதாதீர்கள்.

பூத் எண் எதற்கு என்றால், படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை, நிராகரிக்கப்பட்டது எத்தனை, நோட்டா எத்தனை என்று தனித்தனி வரிசையாக இருக்கும் இறுதி முடிவுத் தாள். தேர்தல் முடிந்த பிறகு தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாக அதை ஏற்றுவார்கள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பக்கத்துப் பூத்துகளில் எட்டும் பத்துமாக இருக்கும்போது உங்கள் பூத்தில் மட்டும் 140 என்றால், அதை யாராலும் மறைக்க முடியாது. கட்சிக்காரர்களும் இதே தாளைத்தான் பார்த்து எந்தத் தெரு தனக்கு எதிராகப் போனது என்று கணக்குப் போடுகிறார்கள், அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். தனி ஆளின் ஓட்டு ரகசியம், ஆனால் பூத்தின் ஓட்டு ரகசியம் இல்லை.

முந்தைய தேர்தலின் படிவம் 20-யும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். போன முறை 9, இந்த முறை 140. இந்த இரண்டு பக்கத்தையும், முன்பு கொடுத்த கோரிக்கையின் நகலையும் சேர்த்து, ஜெயித்தவர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள், தோற்றவருக்கும் ஒன்று கொடுங்கள், அடுத்த முறை ஜெயிக்க நினைப்பவர் அவர்தான். அப்புறம் அடுத்து வரும் கிராம சபை எது என்று பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் இதே கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்கி அதே கோப்பில் வையுங்கள்.